டேங்க் ஃபுல்லா இருக்கு, வண்டி ஏன் நிக்குது?

பழைய கார்புரேட்டர் பைக்கில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி?

2025 தை மாசம். காலை ஆறே முக்கால், பனி இன்னும் விலகல. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி திண்டிவனம் போற ரோட்டில் அப்பா வண்டி ஓட்ட, நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். முதல்ல யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி வண்டி ரெண்டு தடவை தயங்குச்சு. அப்புறம் பிக்கப் போச்சு. கொஞ்ச தூரத்துல மொத்தமா அடங்கிடுச்சு. அப்பா கிளட்ச்சைப் பிடிச்சு உருட்டிக்கிட்டே ஓரம் கட்டினார். எங்களை ஒட்டிப் போன லாரியோட காத்துலயே வண்டி ஆடுச்சு.

அப்பா கொத்தனார். திண்டிவனத்துல வேலை. எட்டு மணிக்குள்ள சைட்ல நிக்கலைன்னா அன்னைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. அந்த மாசத்துல வண்டி அப்படி நடுரோட்டுல நின்னது அஞ்சாவது தடவை. "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு தவணையில ஒண்ணு எடுத்துட வேண்டியதுதான்"னு அப்பா சொன்னார். தவணைன்னா மாசாமாசம் எங்கிருந்து எடுப்பார்னு எனக்குத் தெரியும். என்னோட செமஸ்டர் ஃபீஸுக்கு சேர்த்து வைக்கிற காசுலேர்ந்துதான்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவ. நாலு ஸ்ட்ரோக்கையும் படம் வரைஞ்சு பாகம் குறிச்சுக் காட்டுவேன். ஆனா ரோட்டோரமா நின்ன அந்த 100 சிசி வண்டி முன்னாடி எங்க ஆரம்பிக்கணும்னே எனக்குத் தெரியல. இந்தக் கட்டுரை அந்த "எங்க ஆரம்பிக்கணும்" பத்திதான்.

கார்புரேட்டர் என்ன பண்ணுது?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கிற பைக் எல்லாம் கிட்டத்தட்ட ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதுல கோளாறு வந்தா மீட்டர்ல ஒரு விளக்கு எரியும், கருவியைச் சொருகினா கோடு சொல்லும். ஆனா நம்ம ஹாஸ்டல் ஸ்டாண்டை ஒருமுறை எட்டிப் பாருங்க. அப்பா ஓட்டினது, அண்ணன் ஓட்டினதுன்னு கைமாறி வந்த கார்புரேட்டர் வண்டிதான் நிறைய. அதுல சென்சார் இல்லை, கோடு இல்லை. கண்ணு, காது, மூக்குதான் சென்சார்.

கார்புரேட்டரோட வேலை ஒண்ணே ஒண்ணு: இன்ஜின் இழுக்கிற காத்துல சரியான அளவு பெட்ரோலைக் கலக்கிறது. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 பங்கு காத்து வேணும். குழாய் ஒரு இடத்துல குறுகுது. அங்கே காத்தோட வேகம் கூடும், அழுத்தம் குறையும் (பெர்னூலி, ரெண்டாம் வருஷம்). கீழே இருக்கிற கிண்ணத்துல வளிமண்டல அழுத்தம் இருக்கு. அந்த வித்தியாசம்தான் ஜெட் வழியா பெட்ரோலை மேலே ஏத்துது.

கிண்ணத்துல பெட்ரோல் எப்பவும் ஒரே மட்டத்துல நிக்கணும். அதுக்குத்தான் ஃப்ளோட். நம்ம வீட்டு மாடித் தொட்டியில பந்து மிதந்து தண்ணியை அடைக்குமே, அதே வேலை. மட்டம் இறங்கினா ஃப்ளோட் இறங்கும், ஊசி திறக்கும், டேங்க்லேர்ந்து பெட்ரோல் வரும். நம்ம 100 சிசி வண்டிகள்ல பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் உயரத்துல இருக்கிறதால புவியீர்ப்பில் தானா இறங்கணும், அவ்வளவுதான்.

ஆக, பெட்ரோலோட பாதை இது: டேங்க், பெட்ரோல் டேப், அதுக்குள்ள இருக்கிற சல்லடை, ட்யூப், ஃப்ளோட் ஊசி, கிண்ணம், ஜெட், சிலிண்டர். இந்தப் பாதை டேங்க்ல ஆரம்பிக்குதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அதுல ஒரு விஷயத்தை விட்டுட்டேன். பின்னாடி சொல்றேன்.

ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

டாக்டர் முதல்ல ஊசியை எடுக்கிறதில்லை, "எப்போலேர்ந்து?"ன்னு கேட்பார். வண்டிக்கும் அப்படித்தான்.

• ஸ்டார்ட்டே ஆகலையா, ஆகி நிக்குதா, ஓடிக்கிட்டே இருக்கும்போது நிக்குதா?

• குளிர்ந்த நிலையிலா, சூடானதுக்கு அப்புறமா?

• சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுதா, மூச்சு வாங்கி மெதுவா அடங்குச்சா?

• கடைசியா வண்டியில என்ன மாத்தினீங்க, என்ன நடந்துச்சு? மழையில நனைஞ்சுதா, ரெண்டு மாசம் சும்மா நின்னுதா?

மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். பட்டுனு நின்னா பெரும்பாலும் கரண்ட் பக்கம்: காயில், ஒயர், சாவி சுவிட்ச். தயங்கித் தயங்கி அடங்கினா பெரும்பாலும் பெட்ரோல் பக்கம், ஏன்னா கிண்ணத்துல மிச்சம் இருக்கிறது தீர கொஞ்ச நேரம் ஆகும். எங்க வண்டி மெதுவாத்தான் அடங்குச்சு. நான் அதைக் கவனிச்சேன், ஆனா குறிச்சு வைக்கல.

மூணு சோதனை

பெட்ரோல்-காத்து கலவை, தீப்பொறி, கம்ப்ரஷன். இந்த மூணும் சரியான நேரத்துல சேர்ந்தா இன்ஜின் ஓடியே ஆகணும். இதுல எது இல்லைங்கிறதைத்தான் முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

*பிளக்.* நாலஞ்சு கிக் அடிச்சதும் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காய்ஞ்சிருந்தா பெட்ரோல் உள்ளே போகல. நனைஞ்சு பெட்ரோல் வாசனை அடிச்சா, பெட்ரோல் வருது, எரியல. ஒண்ணு தீப்பொறி இல்லை, இல்லைன்னா அளவுக்கு மேல பெட்ரோல் வந்திருக்கு. ஓடின வண்டியோட பிளக் நுனி இளம் பழுப்பா இருந்தா கலவை சரி. கரி மாதிரி கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா காத்து அதிகம்.

*தீப்பொறி.* பிளக்கை அதோட கேப்ல மாட்டி, உலோகப் பகுதி இன்ஜின் மேல படுற மாதிரி வெச்சு கிக் அடிங்க. பளிச்சுனு நீல நிறத்துல, சத்தத்தோட வரணும். ரெண்டு எச்சரிக்கை. பிளக்கை வெறும் கையில பிடிக்காதீங்க, அதுல ஓடுறது பல ஆயிரம் வோல்ட். பிளக் கழட்டின ஓட்டைக்குப் பக்கத்துலயோ, பெட்ரோல் சிந்தின இடத்துலயோ இதைச் செய்யாதீங்க.

*கம்ப்ரஷன்.* பிளக் ஓட்டையைக் கட்டை விரலால அடைச்சுக்கிட்டு இன்னொருத்தரைக் கிக் அடிக்கச் சொல்லுங்க. விரலைத் தள்ளிக்கிட்டு காத்து வெளியே வரணும். கிக்கர் தொளதொளன்னு இறங்கினா வால்வ், ரிங் பக்கம் பார்க்கணும். டேப்பெட் இடைவெளி ரொம்ப இறுக்கமா இருந்தாலும் வால்வ் முழுசா மூடாது, கம்ப்ரஷன் போயிடும். அந்த இடைவெளியை வண்டி குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்கணும்.

*பெட்ரோல் வரத்து.* கார்புரேட்டர் பக்கம் ட்யூப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு டேப்பைத் திறங்க. ஒரே சீரா வரணும். சொட்டுச்சுன்னா டேப் சல்லடை அடைச்சிருக்கலாம். சோதனை முடிஞ்சதும் டேப்பை மூடுங்க. இன்ஜின் சூடா இருந்தா இந்த வேலையே வேண்டாம், ஆறட்டும்.

எந்த ரேஸ்ல தகராறு?

வண்டி ஓடுது, ஆனா சரியா ஓடலைன்னா, ஆக்சிலேட்டர் எந்த அளவு திருகியிருக்கும்போது மிஸ்ஸிங் வருதுன்னு பாருங்க. ஸ்லைடு வகை கார்புரேட்டர்ல ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பாகம் பொறுப்பு.

• ஐடிலிங்ல இருந்து எட்டில் ஒரு பங்கு வரை: பைலட் ஜெட், கலவை ஸ்க்ரூ. சிக்னல்ல வண்டி நிக்கலைன்னா இங்கே பாருங்க.

• எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் வரை: ஸ்லைடோட வெட்டு.

• காலிலிருந்து முக்கால் வரை: ஸ்லைடுல தொங்குற ஊசி. தினசரி ஓட்டுறதுல பெரும்பகுதி இதுதான்.

• முக்காலிலிருந்து முழுசு: மெயின் ஜெட்.

இன்னொரு எளிய சோதனை சோக். சூடான வண்டி, சோக்கைக் கொஞ்சம் இழுத்தா நல்லா ஓடுதுன்னா, அதுக்குப் பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். ஜெட் அடைப்பு இருக்கலாம், இல்லைன்னா கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் வெடிச்சு காத்து திருட்டுத்தனமா உள்ளே போகலாம். ஐடிலிங்ல வெச்சுட்டு அந்த இணைப்பு மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் மாறினா அங்கேதான் ஓட்டை. சிலர் பெட்ரோல் தெளிப்பாங்க. சூடான இன்ஜின் மேல அது தற்கொலை.

நிறுத்தின வண்டியோட ஓவர்ஃப்ளோ ட்யூப்ல பெட்ரோல் ஒழுகினா, ஃப்ளோட் ஊசியில தூசி சிக்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால கிண்ணத்தை லேசா ரெண்டு தட்டு தட்டினா சில நேரம் விட்டுடும். விடலைன்னா கழட்டித்தான் ஆகணும். ஜெட்டைச் சுத்தம் பண்ணும்போது கம்பி விட்டுக் குத்தாதீங்க. அந்த ஓட்டை பலதுல 1 மி.மீ.க்கும் சின்னது. பித்தளையில ஒரு கீறல் விழுந்தாலும் அளவு மாறிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காத்தும் போதும்.

நான் செஞ்ச தப்பு

இதெல்லாம் இப்போ வரிசையா எழுதிட்டேன். அன்னைக்கு நான் செஞ்சது வேற.

நின்ன வண்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டே கிக்ல ஸ்டார்ட் ஆகும். மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். ஊர்ல கேட்டவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க: "சூடு ஏறுது. ஆறினதும் எடுக்குது. காயில் போயிருக்கும்." கேட்க நியாயமா இருந்துச்சு. காயில் சூட்டுல செயலிழந்து ஆறினதும் சரியாகுறது உண்மையிலேயே நடக்கிற விஷயம்தான். காயில் மாத்தினோம், பிளக் மாத்தினோம். ஒரு ஞாயித்துக்கிழமை நானே கார்புரேட்டரைக் கழட்டி, வாங்கி வந்த கிட்டைப் போட்டேன். மொத்தத்துல அப்பாவோட ஒரு நாள் கூலி கிட்டத்தட்ட காலி.

திங்கக்கிழமை அதே இடத்துல வண்டி நின்னுச்சு. கூடவே புதுசா ஒண்ணு: ஐடிலிங்கும் நிக்கல. ஏன்னா கழட்டும்போது கலவை ஸ்க்ரூ எத்தனை சுத்து திறந்திருந்துச்சுன்னு நான் எண்ணவே இல்லை. அதுவரை வண்டியில ஒரு கோளாறு. இப்போ ரெண்டு, அதுல ஒண்ணு நான் போட்டது.

அதனால இதைப் படிக்கிறவங்களுக்கு: எந்த ஸ்க்ரூவைத் தொட்டாலும், முதல்ல அதை மெதுவா உள்ளே மூடுற வரைக்கும் எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வெச்சுக்கங்க. அழுத்தி இறுக்காதீங்க, நுனி கெட்டுடும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஸ்க்ரூ, வெளியே திருகினா காத்து கூடும். இன்ஜின் பக்கம் இருந்தா அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருகினா பெட்ரோல் கூடும். ரெண்டும் நேர் எதிர். நான் இதைக்கூடப் பார்க்காமத்தான் திருகினேன்.

விக்கிரவாண்டியில ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். ஸ்க்ரூவைச் சரி பண்ணி ஐடிலிங்கை நிறுத்திக் கொடுத்தார். காசு வாங்கல. "மெக்கானிக்கல் படிக்கிறியாம்மா? இனிமே ஒண்ணை மாத்தினா ஒரு நாள் ஓட்டிப் பாரு. மூணை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதால சரியாச்சுன்னு தெரியாது, கெட்டாலும் எதால கெட்டுச்சுன்னு தெரியாது"ன்னார். லேப்ல "ஒரு மாறியை மட்டும் மாத்து, மத்ததை மாறாம வை"ன்னு நமக்குச் சொல்றது இதைத்தான். அவர் அந்த வார்த்தையில சொல்லல, அவ்வளவுதான்.

நோட்டுல எழுதினது

அன்னைக்கு ராத்திரி ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். அப்பாகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டேன்: வண்டி நின்னா, வீட்டிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர்னும், டேங்க்ல எவ்வளவு பெட்ரோல்னும் பார்த்து வந்து சொல்லணும். ரெண்டு வாரத்துல எழுதினது இது:

• டேங்க் ஃபுல். 9-வது கி.மீ.ல நின்னது.

• மறுநாள், ஃபுல்லுக்குக் கொஞ்சம் கீழே. 11-வது கி.மீ.

• முக்கால் டேங்க். 15-வது கி.மீ.

• பாதி டேங்க். சைட் கிட்டப் போகும்போது லேசா தயங்குச்சு, நிக்கல.

• 100 ரூபாய்க்குப் போட்டது, டேங்க் அடியில. பிரச்சினையே இல்லை.

• வாரக் கூலி வந்து மறுபடி ஃபுல். 8-வது கி.மீ.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு. கையில காசு இருந்து ஃபுல் டேங்க் போட்ட நாள்லதான் வண்டி நிக்குது. நூறு ரூபாய்க்குப் போட்ட நாள்ல ஒழுங்கா ஓடுது. சூடுதான் காரணம்னா பெட்ரோல் அளவு எதுக்குக் குறுக்கே வரணும்? காயிலுக்கு டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு தெரியாதே.

அப்போதான் எங்க வீட்டு எண்ணெய் டின் ஞாபகம் வந்துச்சு. மல்லாட்டை எண்ணெய் டின்ல ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா கொடக் கொடக்னு விட்டு விட்டு வரும், அப்புறம் நின்னுடும். அம்மா எப்பவும் எதிர்மூலையில இன்னொரு ஓட்டை போடுவாங்க. காத்து உள்ளே போனாத்தான் எண்ணெய் வெளியே வரும்.

டேங்க்குக்கும் அந்த ரெண்டாவது ஓட்டை உண்டு. அது மூடியிலதான் இருக்கு. பெட்ரோலோட பாதை டேங்க்ல ஆரம்பிக்கல, டேங்க் மூடியில காத்து உள்ளே நுழையுற இடத்துல ஆரம்பிக்குது. நான் விட்ட விஷயம் இதுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

டேங்க்ல பெட்ரோல் மட்டத்துக்கும் ஃப்ளோட் மட்டத்துக்கும் உயர வித்தியாசம் 20 செ.மீ.னு வெச்சுக்குவோம். பெட்ரோலோட அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 740 கிலோ. பெட்ரோலை இறக்குற அழுத்தம்:

0.2 × 740 × 9.8 = சுமார் 1,450 பாஸ்கல், அதாவது 1.45 கிலோபாஸ்கல்.

வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். டேங்க் உள்ளே இருக்கிற காத்தோட அழுத்தம் வெறும் 1.4 சதவீதம் குறைஞ்சாலே போதும், பெட்ரோல் இறங்குறது நின்னுடும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் வண்டியே ஓடுது!

இப்போ பதினொண்ணாம் வகுப்பு பாயில் விதி: அழுத்தம் × கனஅளவு = மாறிலி. மூடி முழுசா அடைச்சிருக்குன்னு வெச்சுக்குங்க. 10 லிட்டர் டேங்க், ஃபுல்லா போட்டா மேலே காத்துக்கு அரை லிட்டர் இடம். அழுத்தம் 1.4 சதவீதம் குறைய, காத்து 1.4 சதவீதம் விரிஞ்சா போதும். அரை லிட்டர்ல அது சுமார் 7 மி.லி. அவ்வளவு பெட்ரோல் செலவானதும் வரத்து நிக்கும். பாதி டேங்க்னா காத்து 5 லிட்டர். அதே அளவு குறைய சுமார் 72 மி.லி. செலவாகணும். வண்டி லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தா கிலோமீட்டருக்கு சுமார் 17 மி.லி. ஃபுல் டேங்க்ல அரைக் கிலோமீட்டர்கூட இல்லை, பாதி டேங்க்ல நாலு கிலோமீட்டருக்கு மேல. இதோட கிண்ணத்துல இருக்கிற மிச்சத்தையும் சேர்த்துக்கலாம்.

மட்டம் இறங்கினா உயர வித்தியாசமும் குறையும்தான். ஆனா அது ஒரு மடங்கு குறையறதுக்குள்ள காத்து இடம் பத்து மடங்கு பெருகிடுது. எங்க வண்டி ஒன்பது கிலோமீட்டர் தாங்கினதுக்குக் காரணம், அடைப்பு முழுசா இல்லை. கொஞ்சம் காத்து உள்ளே போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு, பெட்ரோல் செலவாகுற வேகத்துக்கு அது ஈடு கொடுக்கல. அஞ்சு நிமிஷம் நிறுத்தினா அந்தச் சின்ன வழியிலேயே காத்து நிரம்பும், கிண்ணமும் நிரம்பும், ரெண்டு கிக்ல எடுக்கும். ஊரே "ஆறினதும் எடுக்குது"ன்னு சொன்னது ஆறினதால இல்லை. காத்து போனதால.

கணக்கு துல்லியமா இல்லை. ஆவி அழுத்தம், வெயில் எல்லாம் விட்டுட்டேன். ஆனா நோட்டுல இருந்த வரிசையும் கணக்கு சொன்ன வரிசையும் ஒண்ணா இருந்துச்சு.

அடுத்த ஃபுல் டேங்க் அன்னைக்கு நானும் கூடப் போனேன். கூட்டேரிப்பட்டுக்கு முன்னாடியே வண்டி தயங்கி நின்னுச்சு. அப்பா கிக்கர் மேல காலை வைக்கப் போனார். "இருங்கப்பா"ன்னு சொல்லிட்டு டேங்க் மூடியைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ்னு காத்து உள்ளே இழுத்துச்சு. அரை நிமிஷம் விட்டு மூடிட்டு, "இப்போ அடிங்க". ரெண்டாவது கிக்ல எடுத்துச்சு. அஞ்சு நிமிஷம் காத்திருக்கல. இன்ஜின் அப்பவும் சூடாத்தான் இருந்துச்சு.

நீங்க இதைச் சோதிக்கும்போது ஒண்ணு கவனிங்க. வெயில்ல நிறுத்தின டேங்க்கைத் திறந்தாலும் புஸ்னு சத்தம் வரும். அது ஆவி வெளியே வர்ற சத்தம். அதனால ஓடி நின்ன உடனே திறக்கணும், காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கணும். சோதனை முடிஞ்சதும் மூடியை மூடித்தான் ஓட்டணும். திறந்த டேங்க்கோட ஓட்டாதீங்க.

மூடி எப்படி அடைச்சது?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நம்ம யாருக்கும் மறக்காது. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்னைக்கு விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தொட்டு ரயிலையே நிறுத்தினாங்க. எங்க வீட்டுக் கொட்டகையில வண்டி சாய்ஞ்சு விழுந்து சேத்துத் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. அப்புறம் ஆயில் மாத்தினோம், கார்புரேட்டர் துடைச்சோம், ஏர் ஃபில்டர் காய வெச்சோம். மூடியை யாரும் பார்க்கல. அதோட காத்து வழியில வண்டல் புகுந்து காய்ஞ்சு கெட்டியாகியிருந்துச்சு. மூடியைச் சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, பஞ்சர் கடையில காத்து பிடிச்சு, நல்லா காய வெச்சு மாட்டினோம். அவ்வளவுதான் வைத்தியம். "கடைசியா என்ன நடந்துச்சு?"ங்கிற கேள்வியை முதல் நாளே ஒழுங்கா கேட்டிருந்தா இங்கே வந்திருக்கலாம்.

மழைக்காலம் ஒவ்வொரு வருஷமும் வரும். அதனால மூழ்கின வண்டிக்குச் சில வரி. வெளியே எடுத்ததும் கிக் அடிக்காதீங்க, செல்ஃப் போடாதீங்க. தண்ணியைக் காத்து மாதிரி அமுக்க முடியாது. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேலே போனா கனெக்டிங் ராடு வளையும். முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. பிளக்கைக் கழட்டிட்டு கிக்கரை மெதுவா மிதிச்சு தண்ணியை வெளியேத்துங்க. கார்புரேட்டர் கிண்ணம், டேங்க் ரெண்டையும் வடிங்க. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா மாத்துங்க, கொஞ்சம் ஓட்டி மறுபடியும் ஒருமுறை மாத்துங்க. பிரேக்கைக் காய வெச்சுச் சோதிக்காம ரோட்டுக்கு எடுக்காதீங்க. கடைசியா, டேங்க் மூடி.

ஹாஸ்டல் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை

இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. எத்தனாலுக்குக் காத்து குறைவாத் தேவை, அதனால இ20-க்குச் சரியான விகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் பார்த்து அதைத் தானா சரி பண்ணிக்கும். கார்புரேட்டருக்குத் தெரியாது, பழைய ஜெட் அளவுலயே ஊத்தும், கலவை கொஞ்சம் காத்து அதிகமா ஆகும். பழைய ரப்பர் ட்யூப், சீல் எல்லாம் உப்பவோ இறுகவோ செய்யலாம். எத்தனால் தண்ணியையும் இழுத்துக்கும். தண்ணி ஒரு அளவைத் தாண்டினா ரெண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கும். டேப் எடுக்கிறதும் அடியிலிருந்துதான்.

சந்தேகம்னா கிண்ணத்து வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு பத்து நிமிஷம் வைங்க. ரெண்டு அடுக்கா தெரிஞ்சா விஷயம் விளங்கிடும். செமஸ்டர் லீவுக்கு வண்டியை விட்டுட்டுப் போகும்போது டேப்பை மூடிட்டு, வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஐடிலிங்ல விடுங்க. கிண்ணம் காலியாகிடும். இல்லைன்னா பெட்ரோல் காய்ஞ்சு பிசின் மாதிரி ஜெட்ல ஒட்டி, திரும்பி வந்து நீங்க கிக் அடிச்சு வேர்க்க வேண்டியதுதான்.

கடைசியா

மூடியைச் சுத்தம் பண்ணின அன்னைக்கு சாயங்காலம் அப்பா அதைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ வண்டி நல்லாத்தான் இருந்துச்சா?"ன்னு கேட்டார். "நல்லாத்தான் இருந்துச்சுப்பா. நடுவுல நான்தான் கொஞ்சம் கெடுத்தேன்"னு சொன்னேன். வண்டி இன்னைக்கும் திண்டிவனம் போய் வருது. வாரக் கூலி வந்தா அப்பா தைரியமா ஃபுல் டேங்க் போடுறார்.

உங்க வண்டியிலயும் புரியாத கோளாறு இருந்தா, முதல்ல ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: எப்போ, எத்தனையாவது கி.மீ., டேங்க்ல எவ்வளவு, மழையா வெயிலா. அந்த நோட்டோட மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வாங்க, சேர்ந்து பார்க்கலாம். புது காயில் மட்டும் வாங்கிட்டு வராதீங்க. எங்க வீட்டுல கழட்டிப் போட்ட பழசு ஒண்ணு நல்லாவே இருக்கு.